கடல் மல்லைக்கு வந்தவர்கள்

"மாமல்லபுரம் கெட்டுப் போய்விட்டது, ஸார்! அடியோடு கெட்டுப் போய்விட்டது!"

நம்முடைய சிநேகிதர் ஒருவர் இந்த வாக்கியத்தை நாற்பது வருஷங்களுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். 1983-ம் வருஷத்தில் அவரும் நாமும் கலாசாலை மாணாக்கர்களாக முதன்முதலில் அந்த ஊருக்குப் போயிருந்தோம். அன்றைக்கே இதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு சோடாக் கடை இருந்ததுதான் காரணம். "பல்லவ சக்கரவர்த்தி உலாவிய இடத்தில் சோடாக் கடையா?" என்று பொங்கினார். பொங்கியதில் தாகம் எடுத்து, அந்தக் கடையிலேயே இரண்டு சோடா வாங்கிக் குடித்தார் என்பதையும் சரித்திரத்துக்கு விரோதமில்லாமல் இங்கே குறிப்பிட்டுவிட வேண்டும்.

அன்று நடந்த இன்னொரு சம்பவமும் நினைவிருக்கிறது. மீனவர் குப்பத்தின் வழியாகக் கடலை நோக்கி நடந்தபோது சிநேகிதரின் செருப்பு அறுந்துவிட்டது. சித்திரை மாதத்து நடுப்பகல். மணல் வறுத்த மணலாகக் காய்ந்திருந்தது. "ஐயோ! அப்பா!" என்று குதித்துக் குதித்து அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அலையில் கால் நனைவதற்குள் அவருடைய உள்ளங்கால்கள் இரண்டும் கொப்புளித்துவிட்டன. இந்தச் சிறிய விஷயத்தை வாசகர்கள் தயவு செய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு அவசியம் ஏற்படும்.

சென்ற மாசி மாதத்தில் சிநேகிதர் நம் வீட்டுக்கு வந்தார். "பௌர்ணமியை ஒட்டி இரண்டு நாள் மாமல்லபுரம் போய் வரலாமா? எவ்வளவு தூரம் கெட்டுப் போயிருக்கிறது என்று ஒரு தடவை அளந்து பார்த்துவிட வேண்டும்" என்றார். ஊர் கெட்டுப் போனதை எந்த முழக்கோலால் அளப்பது என்று நமக்கு விளங்கவில்லை. ஆனாலும் புறப்பட்டோம்.

போகும் வழி

சென்னையிலிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். இந்தத் தூரத்தை மனிதர்கள் கடந்த விதத்தைச் சொன்னாலே ஊர் மாறிய கதையில் பாதி சொன்னதாகும்.

நம்முடைய பாட்டனார் காலத்தில் பக்கிங்ஹாம் கால்வாயில் படகு போயிற்று. இரவில் சாப்பாட்டு மூட்டையுடன் படகேறிப் படுத்துக்கொண்டால், பொழுது விடியும்போது மாமல்லபுரத்துக்கு அருகில் கண் விழிக்கலாம். அந்தக் கால்வாயிலேயே சென்னைக்குள் ஓடும் ஒரு பகுதி, தாது வருஷப் பஞ்சத்தில் பசித்தவர்களுக்குக் கூலி கொடுப்பதற்காக வெட்டப்பட்டது. 1960-களில் அடித்த புயல்களால் கால்வாய் சேதமடைந்த பிறகு படகுப் போக்குவரத்து ஓய்ந்து போயிற்று. ரயிலில் போக விரும்பியவர்கள் செங்கற்பட்டில் இறங்கித் திருக்கழுக்குன்றத்தின் வழியாக வருவார்கள். கழுகுக்குச் சோறூட்டுவதையும் தரிசித்துக்கொண்டு வந்தால் ஒரு நாள் போய்விடும். ஆகையால் வந்தவர்கள் எல்லாரும் வர வேண்டுமென்றே வந்தவர்கள். வழியோடு போகிறபோது எட்டிப் பார்த்தவர்கள் என்று யாரும் கிடையாது.

1983-ல் நாம் ஏறிய பஸ் கோவளம் மார்க்கமாக, சவுக்குத் தோப்புகளுக்கு நடுவில், மூச்சு வாங்கி மூச்சு வாங்கிப் போயிற்று. அதற்கு அடுத்த வருஷமே மாமல்லபுரத்துச் சிற்பங்களை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஸ்தாபனம் ஏற்றுக்கொண்டது. 1998-ல் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தது. அதன் பிறகு சனிக்கிழமை சாயங்காலம் சென்னையில் காப்பி சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒருவர், "வா, மகாபலிபுரம் போய் வரலாம்" என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றாயிற்று.

வழி நெடுகச் சிநேகிதர் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டே வந்தார். சவுக்குத் தோப்பு இருந்த இடங்களில் மதில்களும், மதில்களுக்குப் பின்னால் பங்களாக்களும், விடுதிகளும், கேளிக்கைப் பூங்காக்களும் முளைத்திருந்தன. கடற்கரைச் சாலை என்று பெயரே தவிர, கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் காற்றை முகர்ந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஒத்தவாடைத் தெரு

ஊருக்குள் நுழைந்ததும் சிநேகிதருக்கு வேண்டிய அளவு வருத்தம் கிடைத்தது. ஒத்தவாடைத் தெருவில் நாம் நின்றுகொண்டிருந்தோம். முதலில் வந்தபோது இங்கே சில மீனவர் வீடுகளில் வெள்ளைக்கார வாலிபர்கள் திண்ணையை ஒட்டிய அறைகளை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தார்கள். லுங்கி கட்டிக்கொண்டு, வீட்டுக்காரப் பாட்டியிடம் குழம்புக்கு உறைப்பைக் குறைக்கச் சொல்லிச் சைகையால் மன்றாடிக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்தத் தெரு முழுவதும் தங்கும் விடுதிகள், உணவுச் சாலைகள், காஷ்மீரத்து வியாபாரிகளின் சால்வைக் கடைகள், கருங்கல் பிள்ளையார் முதல் கட்டைவிரல் உயரத்து யானை வரையில் அடுக்கிய சிற்பக் கடைகள். பலகைகளில் பிரெஞ்சு பாஷையும் ஜெர்மன் பாஷையும் இருந்தன. காஷ்மீரத்துக் கடைக்காரர் நம்மிடம் நல்ல தமிழ் பேசினார். உணவுச் சாலையில் தட்டு எடுத்து வைத்த பையன் வடக்கேயிருந்து வந்தவன். அவனும் "சூடா இருக்கு, பாத்து" என்று தமிழில் எச்சரித்தான்.

2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி இந்த ஊரில் வசிப்பவர்கள் 15,000 சொச்சம் பேர். ஆனால் பண்டிகை நாட்களில் வந்து இறங்கும் கூட்டத்தை எண்ண முடியாது. பெரிய மனிதர்களின் விஜயங்களுக்கும் குறைவில்லை. 2019-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் சீன தேசத்தின் அதிபரும் நம் பிரதம மந்திரியும் இங்கே சந்தித்துப் பேசினார்கள். 2022-ல் சதுரங்க ஒலிம்பியாடு நடந்தபோது 180-க்கும் மேற்பட்ட தேசங்களிலிருந்து ஆட்டக்காரர்கள் வந்து கூடினார்கள். ஒவ்வொரு விஜயத்துக்கும் முன்னால் தெருக்கள் கூட்டிப் பெருக்கப்பட்டன. ஆனால் அதிபர்களும் சதுரங்க வீரர்களும் போய்விடுவார்கள். ஊர்க்காரர்கள் அங்கேயே இருந்தாக வேண்டும்.

"பார்த்தீரா, ஸார்! எங்கே திரும்பினாலும் வெளியூர்க்காரர்கள். உள்ளூர் மனிதர் ஒருவரையாவது காண முடிகிறதா?" என்றார் சிநேகிதர். பிறகு சட்டென்று காதைத் தீட்டிக்கொண்டு, "ஆ! கேளும், கேளும்! உளிச் சத்தம்! இது ஒன்றுதான் பழைய மாமல்லபுரம். பல்லவர் காலத்திலிருந்து ஓயாத சத்தம்!" என்றார்.

யார் உள்ளூர்க்காரர்?

உளிச் சத்தம் வந்த இடத்துக்குப் போனோம். ஓலைப் பந்தலின் கீழ் வயதான சிற்பி ஒருவர் அம்மன் விக்கிரகத்துக்கு விரல் நகங்களைச் செதுக்கிக்கொண்டிருந்தார். சிநேகிதர் பக்தி சிரத்தையுடன், "உங்கள் முன்னோர்கள்தானே ஐந்து ரதங்களையும் செதுக்கினார்கள்?" என்று கேட்டார்.

சிற்பி உளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நமக்கு இது பூர்வீகம் இல்லீங்க. அப்பா தெற்கே காரைக்குடிப் பக்கத்திலேருந்து வந்தவரு. இங்கே சிற்பப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க பாருங்க, அதுக்கப்புறந்தான். நான் பொறந்தது இந்த ஊரு" என்றார்.

சிநேகிதரின் முகத்தைப் பார்க்க நமக்கே பரிதாபமாக இருந்தது. ஆனால் உண்மை அதுதான். 1957-ம் வருஷத்தில் ராஜ்ய சர்க்கார் இங்கே சிற்பப் பயிற்சி நிலையம் ஒன்றை ஏற்படுத்திற்று. வைத்தியநாத ஸ்தபதி அதன் பொறுப்பை ஏற்றார். அவருக்குப் பின் அவருடைய குமாரர் கணபதி ஸ்தபதி நெடுங்காலம் அதை நடத்தி வந்தார். கன்னியாகுமரிக் கடலில் 133 அடி உயரத்தில் நிற்கும் வள்ளுவர் சிலையை அமைத்தவர் அவரே. இவர்கள் பிள்ளையார்பட்டிப் பக்கத்தைச் சேர்ந்த குடும்பத்தினர். அந்தப் பள்ளிக்கூடம் பின்னர் கல்லூரியாக வளர்ந்தது. அங்கே படித்தவர்கள் ஊரிலேயே பட்டறை போட்டார்கள், அவர்களைத் தேடி உறவினர்கள் வந்தார்கள், கல் வந்தது, கோயில் கட்டுகிறவர்கள் வந்தார்கள். 2017-ல் மாமல்லபுரத்துக் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பல்லவர்களுடைய உளி ஓய்ந்ததற்கும் இந்த உளி கிளம்பியதற்கும் இடையில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் இடைவெளி. ஊரின் மிகப் பழைய சத்தம் என்று நாம் போற்றுவது, கணக்குப் பார்த்தால், நம்மில் பல பேரைவிட வயதில் சற்றே மூத்தது!

இன்னும் பின்னால் போவோம். மாமல்லன் நரசிம்மவர்மனும், கடற்கரைக் கோயிலை எழுப்பிய ராஜசிம்மனும் காஞ்சிபுரத்து அரசர்கள். அவர்கள் அனுப்பிய கல் தச்சர்களும் வந்தவர்களாகத்தானே இருக்க வேண்டும்? பாதியில் நின்றுபோன குகைகளையும் ரதங்களையும் பார்த்தால், எப்படி வந்தார்களோ அப்படியே ஒரு நாள் போய்விட்டார்கள் என்பதும் தெரிகிறது. துறைமுகத்தில் பொன்னும் மணியும் யானையும் ஏற்றிய கலங்கள் பாரம் தாங்காமல் சாய்ந்து நின்ற காட்சியைத் திருமங்கை யாழ்வார் கடல் மல்லைப் பாசுரங்களில் பாடியிருக்கிறார். கலம் வந்தால் மாலுமி வராமல் இருப்பானா? ஒத்தவாடைத் தெருவின் பல பாஷைகள் இந்த ஊருக்குப் புதியவை அல்ல. நடுவில் சில நூற்றாண்டுகள் மறந்துபோயிருந்தன, அவ்வளவுதான்.

இதையெல்லாம் சிநேகிதரிடம் சொன்னோம். அவர் சிறிது நேரம் மௌனமாயிருந்துவிட்டு, "அப்படியானால் ஊர் கெட்டுப் போகவில்லை என்கிறீரா?" என்று கேட்டார்.

அப்படியும் சொல்வதற்கில்லை. சிற்பியின் பந்தலுக்குப் பின்புறத்தில் மின்சார அறுவை யந்திரம் ஒன்று அலறிக்கொண்டிருந்தது. வாலிபன் ஒருவன் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கருங்கல்லை அறுத்துக்கொண்டிருந்தான். அவன் புருவமெல்லாம் வெள்ளைப் பொடி. "உளியாலே ஒரு மாசத்து வேலை இதுலே ஒரு வாரத்திலே ஆயிடுது. சீக்கிரம் வேணுமின்னுதானே எல்லாரும் கேக்கறாங்க? ஆனா இந்தத் தூசி இருக்கே, நெஞ்சிலே எறங்கிட்டா எறங்கினதுதான்" என்றார் பெரியவர். கல் தூசி நுரையீரலைக் கல்லாக்கிவிடும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். சுற்றுலா வந்தவர் வீட்டுக்கு எடுத்துப்போகும் சிறு யானைக்கு அந்த விலையும் சேர்ந்திருக்கிறது.

அர்ஜுனன் தபசுப் பாறையின் முன்னால் வந்து நின்றோம். கங்கையும், யானைக் கூட்டமும், நாக ராஜனும் அப்படியே இருந்தார்கள். கீழே நம்முடைய பழைய நண்பர் ஒருவரும் இருந்தார். பின்னங்கால்களில் எழுந்து நின்று, முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்யும் பூனையார்தாம் அவர். சுற்றிலும் எலிகள் நம்பிக்கையுடன் விளையாடுகின்றன. ஓர் ஊருக்கு நன்மை செய்வதாகச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் தவசி யார், பூனை யார் என்று கண்டுபிடிப்பது எலிகளுக்கு எந்தக் காலத்திலும் சிரமமான காரியம்.

சுட்ட மணல்

மறுநாள் விடியற்காலையில் கடலோரம் போனோம். கடற்கரைக் கோயிலுக்கு வடபுறத்தில் குப்பம். இரண்டு உணவுச் சாலைகளின் சுவர்களுக்கு நடுவிலிருந்த சந்து வழியாகத்தான் கடலைப் போய்ச் சேர முடிந்தது. வண்ணம் பூசிய கண்ணாடியிழைப் படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நெருக்கமாக நின்றன. கட்டுமரங்கள் தேடிப் பார்க்க வேண்டிய பொருளாகிவிட்டன. அந்தத் தமிழ்ச் சொல்லை மட்டும் இங்கிலீஷ்காரர்கள் பத்திரமாகத் தங்கள் அகராதியில் வைத்திருக்கிறார்கள்.

வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து வலைக் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம்.

"பெரியவரே! ஊர் ரொம்ப மாறிவிட்டதே, உங்களுக்கு வருத்தமில்லையா?"

"என்ன வருத்தங்க ஐயா? வெள்ளைக்காரங்க வந்தாங்க, எங்க வீட்டிலேயே தங்கினாங்க. வாடகை குடுத்தாங்க. எம் பேரன் அலைப் பலகை மேலே நின்னு சறுக்கறதுக்கு அவங்க பிள்ளைங்களுக்குக் கத்துக் குடுக்கறான். மீன் இல்லாத நாள்லே அந்தக் காசுதான் அடுப்பு எரிக்குது. வர்றவங்க வரட்டும். ஆனா மணல் போயிடிச்சே, ஐயா!"

"மணலா?"

"ஆமாங்க. நான் வாலிபனா இருந்தப்போ படகை ஏத்திட்டு வீட்டுக்கு நடந்து வர்றதுக்குள்ளே காலு வெந்துடும். அவ்வளவு மணல். வலை காயப் போடறது, கருவாடு காயப் போடறது, கல்யாணப் பந்தல், பிள்ளைங்க ஆட்டம், பஞ்சாயத்து எல்லாம் அதுலேதான். இப்ப அலை வாசப்படிக்கு வந்து கூப்பிடுது."

நாம் சிநேகிதரைப் பார்த்தோம். அவர் குனிந்து தம் உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணல் எங்கே போயிற்று? பெரியவர் விரலால் தரையில் கோடு போட்டு விளக்கினார். கடலுக்குள்ளும் ஆறுகள் ஓடுகின்றனவாம். தெற்கேயிருந்து வடக்கே போகும் நீரோட்டத்துக்குத் தெண்டி என்று பெயர். வடக்கேயிருந்து தெற்கே வருவது வன்னி. வருஷத்தில் அதிக மாதங்கள் தெண்டி மணலை வடக்கே சுமந்து போகும். வாடைக் காலத்து வன்னி அதில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொண்டுவந்து போடும். கரை என்பது ஓரிடத்தில் கிடக்கும் மணல் அல்ல. போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும் மணல். குறுக்கே கல்லைப் போட்டால் கல்லுக்குத் தெற்கே மணல் சேரும். வடக்கே கரை அரிக்கும். இது ஏட்டுப் படிப்பில்லாத மீனவருடைய கற்பனை என்று யாரும் நினைக்க வேண்டாம். சென்னையில் துறைமுகச் சுவர் கட்டிய பிறகு, அதற்குத் தெற்கே மெரீனா மணல் விரிந்து பரந்ததும், வடக்கே ராயபுரத்துக் கரையைக் கடல் அரித்துத் தின்றதும் எல்லாரும் அறிந்த விஷயம்.

இங்கே கடற்கரைக் கோயிலை அலைகளிலிருந்து காப்பாற்றுவதற்காக 1970-களில் பாறைகளைக் கொட்டி அணை போட்டார்கள். அதற்குப் பிறகுதான் குப்பத்தின் மணல் குறைய ஆரம்பித்ததாக மீனவர்கள் சொல்கிறார்கள். "கோயிலைக் காப்பாத்த வேண்டியதுதான், ஐயா. கடலுக்குள்ளேருந்து வரும்போது எங்களுக்கு முதல்லே தெரியற அடையாளமே அந்தக் கோபுரந்தானே? ஆனா கோயிலுக்குக் கல்லுப் போட்டவங்க குப்பத்துக்கு என்ன ஆகும்னு ஒரு வார்த்தை எங்களைக் கேட்டிருக்கலாம்" என்றார் பெரியவர். இப்போது தங்களுக்கும் தூண்டில் வளைவு வேண்டும் என்று கேட்கிறார்கள். அது வந்தால் அதற்கு வடக்கே இருக்கும் குப்பம் என்ன கேட்குமோ?

மணல் குறையும்போது இருக்கிற மணலுக்குப் போட்டி அதிகமாகிறது. கடலைப் பார்த்து நாற்காலி போட வேண்டும் என்பது விடுதிக்காரரின் ஆசை. அலை எட்டாமல் படகை ஏற்ற வேண்டும் என்பது மீனவரின் அவசியம். ஆசைக்குப் பணம் இருக்கிறது, அவசியத்துக்கு இல்லை. சட்டங்கள் இல்லாமலும் இல்லை. உச்ச அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையில் கட்டுப்பாடு என்று 1991-ல் கடலோர ஒழுங்கு விதிகள் வந்தன. பிறகு திருத்தங்களும் வந்தன. புராதனச் சின்னங்களிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்று 2010-ம் வருஷத்துத் திருத்தச் சட்டம் சொல்கிறது. சின்னங்களுக்கு இது நல்லதே. ஆனால் பாறைகளுக்கு நடுவில் பாட்டன் காலத்திலிருந்து குடியிருப்பவன், பெண்ணுக்குக் கல்யாணம் ஆகி மாப்பிள்ளை வரும்போது ஓர் அறை சேர்க்க வேண்டுமென்றால் மனுவும் கையுமாக அலைய வேண்டியிருக்கிறது. சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். அதைத் தாண்டிப் போவதற்கு வேண்டிய ஏணிதான் எல்லாரிடத்திலும் இல்லை.

2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதியைப் பற்றிக் கேட்டோம். பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. கடல் முதலில் உள்வாங்கிற்று. எந்த நாளும் காணாத பாறைகள் வெளியே தெரிந்தன. பிறகு சுனாமிப் பேரலை வந்தது. படகும் வலையும் வீடும் போயின. அந்த அலை ஒதுக்கிய மணலுக்கடியில் பழைய சிற்பங்கள் வெளிப்பட்டன. சாளுவன்குப்பத்தில் ஒரு பாறைக் கல்வெட்டைத் தொடர்ந்து தோண்டியபோது, செங்கல்லால் கட்டிய பழமையான முருகன் கோயிலே அகப்பட்டது. உலகம் முழுவதும் பத்திரிகைகள் அதை எழுதின. "கரையை விட்டுத் தள்ளிப் போங்க, வீடு கட்டித் தர்றோம்னு அப்போ சொன்னாங்க. நாங்க தள்ளிப் போனா இந்த எடம் சும்மாவா இருக்கும்? அலைக்குப் பயந்து நாங்க போனா, அலையைப் பாக்கறதுக்கு வேற ஆளு வருவான். அதான் போகலே" என்றார் பெரியவர்.

பௌர்ணமி

அன்று மாசி மகம். பகல் சாயும் நேரத்திலிருந்தே கடற்கரைக் கோயிலை அடுத்த மணலில் இருளர் குடும்பங்கள் வந்து இறங்கத் தொடங்கின. பாம்பு பிடிப்பதிலும் மூலிகை அறிவதிலும் இணையற்ற ஜனங்கள். வடநெம்மேலியில் 1978-ல் ஏற்பட்ட அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கும் பாம்பு விஷத்திலிருந்துதான், நாட்டில் எத்தனையோ பேருடைய உயிரைக் காக்கும் விஷமுறிவு மருந்து தயாராகிறது. வருஷம் முழுவதும் செங்கல் சூளைகளிலும் வயல்களிலும் சிதறிக் கிடப்பவர்கள், இந்த ஒரு பௌர்ணமிக்கு இங்கே வந்து சேருகிறார்கள். அவர்களுடைய குலதெய்வம் கன்னியம்மன் கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டாளாம். சமாதானப்படுத்தி அழைத்து வர வேண்டும்.

புடைவைகளைக் கம்புகளில் கட்டிக் கூடாரமாக்கினார்கள். மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார்கள். நிலவு எழுந்தது. இரவெல்லாம் பாட்டும் பேச்சும். விடியும் நேரத்தில் ஈர மணலைக் குவித்து ஏழு படிகள் கட்டி, பூவும் பழமும் வைத்து, அலையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ஒருவர் மீது அம்மன் வந்து குறி சொன்னாள். ஒரு பக்கத்தில் கல்யாணம் நடந்தது; இன்னொரு பக்கத்தில் குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். மண்டபம் இல்லை, வாடகை இல்லை, டிக்கட் இல்லை. விடுதி மாடியிலிருந்து சில வெளிநாட்டார் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூரியன் மேலே ஏறியதும் புடைவைகளை அவிழ்த்து மடித்துக்கொண்டு எல்லாரும் புறப்பட்டுவிட்டார்கள். ஏழு படிகளையும் அலை வந்து கரைத்துவிட்டது. இந்த ஊருக்கு வருகிறவர்களிலே ஒரு சுவரும் எழுப்பாமல் போகிறவர்கள் இவர்கள்தாம்.

புறப்படுகிற அவசரத்தில் இருந்த ஓர் அம்மாளிடம், "வருஷா வருஷம் வருவீர்களா?" என்று கேட்டோம்.

"வராம? அம்மா இங்கேதானே இருக்கா? எடந்தான் சுருங்கிக்கிட்டே போவுது சாமி. அடுத்த வருசம் எம் பொண்ணுக்கு இங்கேதான் கண்ணாலம்" என்று சொல்லிக்கொண்டே மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

நமக்கு அப்போதுதான் ஒரு விஷயம் தெளிவாயிற்று. இந்த ஊர் எத்தனை பேர் வந்தாலும் தாங்கும்; வந்தவர்களாலேயே உண்டான ஊர் இது. பல்லவன் வந்தான், மாலுமி வந்தான், காரைக்குடிச் சிற்பி வந்தார், காஷ்மீரத்து வியாபாரி வந்தார். இவர்களை யெல்லாம் ஊர் தன் பிள்ளைகளாக்கிக்கொண்டது. அப்படி ஆக்கிக்கொள்ள முடிந்ததற்குக் காரணம், யாருக்கும் பட்டா இல்லாத ஒரு மணல் வெளி எல்லாருக்கும் பொதுவாக நடுவில் இருந்ததுதான். படகும் வலையும் கல்யாணமும் கடவுளும் அதன் மேல்தான் நின்றன. வளர்ச்சி என்று வருவது அந்த மணலை மிச்சம் வைத்தால் அது வளர்ச்சி. மணலையே தின்றுவிட்டால், பின்னால் வரப் போகிறவர்களுக்கு ஊர் எங்கே இருக்கும்? இனிக் கடலோரத்தில் ஒரு கல்லைப் போடுவதானாலும், எடுப்பதானாலும், வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரியவரைக் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும். அவர் பட்டம் பெற்றவர் அல்ல. ஆனால் தெண்டி எது, வன்னி எது என்று அறிந்தவர்.

இங்கே தலசயனப் பெருமாள் கோயிலுக்கு ஒரு ஸ்தல புராணம் உண்டு. புண்டரீக மகரிஷி, பாற்கடலில் பள்ளி கொண்டவனுக்குத் தாமரை மலர்களைச் சமர்ப்பிக்க விரும்பி, குறுக்கே கிடந்த கடலைக் கையால் இறைக்கத் தொடங்கினாராம். அவருடைய அன்பைக் கண்டு இரங்கிப் பெருமாளே கரைக்கு வந்து தரையில் படுத்துக்கொண்டார். கடலைக் கையால் இறைத்தவருக்குக் கிடைத்த கருணை, கடலோடு கல்லால் வழக்காடுகிறவர்களுக்குக் கிடைக்குமா என்பது சந்தேகந்தான்.

ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் சிநேகிதரைக் காணவில்லை. தேடிக்கொண்டு குப்பத்துக்குப் போனோம். பெரியவருடைய வாசற்படியிலிருந்து அலை விளிம்பு வரையில், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வாயால் எண்ணிக்கொண்டே அவர் நடந்துகொண்டிருந்தார். பெரியவரும் பேரனும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"முப்பத்தாறு அடி, ஸார்" என்றார் சிநேகிதர். "மணல் சுடுவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு அவர் அந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதித் தேதியும் போட்டார். மாமல்லபுரம் கெட்டுப் போய்விட்டது என்று அவர் சொல்லுவார் என்று காத்திருந்தோம். சொல்லவில்லை. கோவளம் தாண்டும்போது, "அடுத்த மாசி மகத்துக்கும் வர வேண்டும், ஸார்! அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு மணல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்" என்றார்.